கல்வியியற் கல்லூரி விடுதியில் ஒரு வாரம்

மலையகத்திலுள்ள கல்வியியற் கல்லூரி ஒன்றின் பெண்கள் விடுதியில் 2025 ஜூன் மாதம் ஒரு வாரம் தங்கியிருந்தேன். இரண்டாம் வருட ஆசிரிய பயிலுனர்களுக்கு உளவளத்துணைச் செயலமர்வு ஒன்றை நடத்தித் தருமாறு எமது நிறுவனத்திடம் கேட்டிருந்தார்கள். வளவாளராக எனக்குப் பிற்பகலில் இரண்டு மணித்தியால வேலை மாத்திரமே இருந்தது. மிகுதி நேரத்தில் கண்டதையும் கேட்டதையும் இங்கு எழுதுகின்றேன். கல்லூரியின் பெயரையும் பிள்ளைகளின் பெயர்களையும் வேண்டுமென்றே தவிர்த்திருக்கின்றேன்.

ஞாயிறு மாலை நான் போய் இறங்கும்போது நல்ல மழை. தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் எங்கள் பக்கத்தில் வெயிலை மறந்துவிட வேண்டியதுதான். வாயிற் காவலர் ஒரு கையில் குடையைப் பிடித்துக்கொண்டு மறுகையால் பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தார். வார இறுதி விடுமுறை முடிந்து திரும்பிய பிள்ளைகள் எனக்கு முன்னால் வரிசையாக நின்றார்கள். ஒவ்வொருத்தியின் பையிலும் அவித்த மரவள்ளிக் கிழங்கு, ரொட்டி, சம்பல், தேயிலைத் தூள் பக்கற் என்று ஏதாவது இருந்தது. பெண் பிள்ளைகள் மாலை ஆறு மணிக்குள் உள்ளே வந்துவிட வேண்டும். பிந்தி வந்தால் வீட்டாரின் கடிதம் தேவை. ஆண் பிள்ளைகளுக்கு ஏழு மணி வரை நேரம் உண்டு. ஏன் இந்த ஒரு மணித்தியால வித்தியாசம் என்று காவலரிடம் கேட்டேன். "அது அப்பிடித்தான் மிஸ்" என்றார். அந்த வாரம் முழுவதும் பல கேள்விகளுக்கு எனக்குக் கிடைத்த பதில் இதுதான்.

வாசகியர் சிலர் கல்வியியற் கல்லூரியையும் ஆசிரியர் கலாசாலையையும் ஒன்றெனக் கருதுவதுண்டு. கலாசாலை என்பது ஏற்கனவே நியமனம் பெற்று, பயிற்சி பெறாதிருக்கும் ஆசிரியர்களுக்கானது. தேசிய கல்வியியற் கல்லூரிகளோ 1986 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்டவை. நாட்டின் பல பகுதிகளிலும் இக்கல்லூரிகள் இருக்கின்றன. உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளியின்படி தெரிவாகி, நேர்முகப் பரீட்சைக்கும் போய் வந்த பிள்ளைகள் இங்கே இரண்டு வருடங்கள் தங்கிப் படிக்கின்றார்கள். மூன்றாம் வருடம் ஒரு பாடசாலையில் கட்டுறுப் பயில்வு. அதன் பின்னர் டிப்ளோமாவும் ஆசிரியர் நியமனமும். பல்கலைக்கழகம் கிடைக்காத பிள்ளைகள் போகும் இடம் என்று இதனைச் சற்று இளக்காரமாகப் பேசுபவர்களும் இருக்கின்றார்கள். பேராதனையில் சமூகவியல் படித்த நானும் ஒரு காலத்தில் அப்படிப் பேசியவள்தான்.

தோட்டப் பாடசாலைகள் 1970களில்தான் அரசாங்கத்தின் பொறுப்பில் வந்தன. என் அம்மா படித்த காலத்தில் அது ஒரே மண்டபம், ஒரே ஆசிரியர், ஐந்தாம் வகுப்புடன் எல்லாம் முடிந்தது. அம்மா பதின்மூன்று வயதில் கொழுந்துக் கூடையைத் தூக்கினார். இன்று அதே லயன்களிலிருந்து பெண் பிள்ளைகள் சேலையுடுத்து, கையில் பாடக்குறிப்புடன் ஆசிரியராவதற்கு வந்து நிற்கின்றார்கள் என்றால் அது சிறிய காரியமல்ல.

விடுதிக்கு வந்த முதல் நாள் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கட்டில், ஒரு மேசையில் பாதி, இரும்பு அலுமாரியில் ஒரு பக்கம், அதற்கொரு சாவி கொடுக்கப்படுகின்றது. இந்தச் சாவியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பத்துக்குப் பன்னிரண்டு அடி லயன் காம்பராவில் ஆறேழு பேருடன் வளர்ந்த பிள்ளைக்குத் தனக்கென்று பூட்டி வைக்கும் இடம் எதுவும் இருந்ததில்லை. ஒரு கடிதத்தை, நூறு ரூபாவை, மாதவிடாய்த் துணியைக்கூட எங்காவது செருகித்தான் வைக்க வேண்டும். இங்கு வந்ததும் அந்தச் சாவியைக் கறுப்புக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொள்கின்றார்கள். குளிக்கப் போகும்போதும் கழற்றுவதில்லை.

திங்கட்கிழமை அதிகாலை 4.45க்கு மணியடித்தது. மணி என்றால் தொங்கவிடப்பட்ட ஒரு தண்டவாளத் துண்டு. அதை இரும்புக் கம்பியால் அடிக்கும் சத்தத்தில் மலையே விழித்துக்கொள்ளும். ஆனால் கண்டி, மாத்தளைப் பக்கத்திலிருந்து வந்திருக்கும் முஸ்லிம் பிள்ளைகள் சுபஹ் தொழுகைக்காக அதற்கு முன்னரே எழுந்துவிடுகின்றார்கள். குழாயில் தண்ணீர் நன்றாக வருவதும் அந்த நேரத்தில்தான். தாங்கள் வுழூ செய்துவிட்டு அறைத் தோழிகளின் வாளிகளையும் நிரப்பி வைக்கின்றார்கள். பதிலுக்கு ரம்ழான் மாதத்தில் சஹர் உணவைச் சூடாக்கிக் கொடுப்பது மற்றப் பிள்ளைகள். யாரும் சட்டம் போட்டுச் செய்யும் வேலை அல்ல இது.

ஆறு குழாய்களுக்கு எழுபது பேர் என்றால் காலை நேரம் எப்படியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பிறகு சேலை. முதலாம் வருடப் பிள்ளைகளுக்கு ஊசிகள் எங்கெங்கு குத்துவது என்று அக்காமார் காட்டிக் கொடுப்பார்கள். மழைக்காலத்தில் துவைத்த சேலை மூன்று நாளானாலும் காயாது. உள்ளாடைகளும் துணிகளும் யாரும் பார்க்காதபடி கட்டிலுக்கு அடியில் கட்டிய கயிற்றில் ஈரமாகவே தொங்குகின்றன. நாற்றமும் அரிப்பும் வராமல் என்ன செய்யும்? பயன்படுத்திய பாட்களைப் போடுவதற்கு விடுதியில் மூடியுள்ள ஒரு வாளிகூட இருக்கவில்லை. தாளில் சுற்றிப் பைக்குள் வைத்திருந்து, இருட்டிய பின்னர் இரண்டிரண்டு பேராகக் குப்பைக் குழிக்குக் கொண்டு போகின்றார்கள். நாளைக்கு ஐம்பது பிள்ளைகளுக்குச் சுகாதாரம் கற்பிக்கப் போகின்றவர்கள் இவர்கள்.

செவ்வாய்க்கிழமை செயலமர்வில் ஒரு பெட்டியை வைத்து, பெயர் எழுதாமல் கேள்விகளைப் போடச் சொன்னேன். பகிடிவதை பற்றியே அதிகம் வரும் என்று எண்ணி, 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கப் பகிடிவதைத் தடைச் சட்டத்தைப் பற்றிக் குறிப்பெல்லாம் தயாரித்துப் போயிருந்தேன். பெட்டியில் 38 துண்டுகள் இருந்தன. பகிடிவதை பற்றி மூன்று. காதல் பற்றி எட்டோ ஒன்பதோ. மற்றவை எல்லாம் வீடு. தம்பி படிப்பை விட்டுவிட்டுக் கொழும்பில் கடைக்குப் போய்விட்டான், அப்பாவின் குடி, கல்லூரிக் கொடுப்பனவு சாப்பாட்டுக்கே சரி, வீட்டுக்கு அனுப்ப என்ன செய்வது என்று இப்படி. ஒரு துண்டில் மட்டும் ஒரே ஒரு வரி: "இடையில் விலகுவதானால் அலுமாரிச் சாவியை யாரிடம் ஒப்படைக்க வேண்டும்?"

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. விலகலாமா என்று அந்தப் பிள்ளை கேட்கவில்லையே.

புதன்கிழமை காலை நுண்கற்பித்தல் வகுப்பொன்றைப் பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். ஒரு பயிலுனர் ஆசிரியராவார். மற்றவர்கள் எல்லாம் முதலாம் தரப் பிள்ளைகள் போல நடிக்க வேண்டும். இருபத்தொரு வயதுக் குமரிகள் சப்பணமிட்டு இருந்துகொண்டு, ஒருத்தி அம்மாவிடம் போக வேண்டும் என்று அழ, இன்னொருத்தி "டீச்சர், இவ என் பென்சில எடுத்துட்டா" என்று முறைப்பாடு செய்ய, எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்துவிட்டது. அன்று பாடம் நடத்திய பிள்ளை மெலிந்தவள், குரலை உயர்த்தவே இல்லை. அழுதவளின் கையில் ஒரு காட்போட் குருவியைக் கொடுத்து "இது கூட்டுக்குப் போக வழி தெரியாம நிக்குது, நீங்க காட்டுங்க" என்றாள். வகுப்பு அடங்கிவிட்டது. விரிவுரையாளர் குறிப்புப் புத்தகத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாலையில் நூலகத்துக்குப் போனபோது அதே பிள்ளை, இரவல் எடுத்த ஐந்து புத்தகங்களையும் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். "தவணை முடியலையே, ஏன் இப்பவே எல்லாத்தையும் குடுக்கிறீங்க?" என்று நூலகர் கேட்டார். "படிச்சிட்டேன் மிஸ்" என்றாள். நான் அவளை கென்ரீனுக்குக் கூட்டிச் சென்றேன். பிளேன்டீ ஆறும்வரை இருவரும் பேசவில்லை. பிறகு, "பெட்டியில அத எழுதினது நான்தான் மிஸ்" என்று அவளே சொன்னாள்.

அவள் மூத்தவள். கீழே ஒரு தங்கையும் இரண்டு தம்பிமாரும். 2022 இல் நாடு பொருளாதார நெருக்கடியில் கிடந்தபோது அம்மா குவைத்துக்கு வீட்டுப் பணிப்பெண்ணாகப் போனார். அப்போது நாட்சம்பளம் ஆயிரம் ரூபா. 2024 இல் அது 1350 ரூபாவானபோதும் அம்மா திரும்பி வரக்கூடிய நிலை இருக்கவில்லை. பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட அப்பாயி போன வருடம் காலமாகிவிட்டார். இப்போது எட்டாம் தரத்தில் படிக்கும் தங்கை பெரிய பிள்ளையாகிவிட்டாள். வீட்டில் பெண்ணென்று யாருமில்லை. அப்பா தொலைபேசியில், "நீ வந்தாத்தான் சரி புள்ள. அம்மாவுக்குச் சொல்லாத, அங்க வேலை செய்ய மனசு வராது" என்று சொல்லியிருக்கின்றார்.

"அப்பா குடிப்பாரா?" என்று கேட்டேன். எமது தொழிலில் வரும் முதற் கேள்வி இது. "இல்ல மிஸ், அப்பா நல்லவரு" என்றாள். கேட்டதற்காக வெட்கப்பட்டேன். நல்ல தகப்பன்தான். ஆனால் பிள்ளை குந்தியிருக்கும் மூலைக்குப் பக்கத்தில் போகவே அவருக்குத் தெரியவில்லை. ஒரு வீட்டில் பெண் இல்லாது போனால் அந்த வேலையைச் செய்வதற்கு இன்னொரு பெண்ணைத் தேடுவதுதான் எமது சமூகத்துக்குத் தெரிந்த ஒரே வழி. அவள் டிப்ளோமாவுக்குப் படிக்கின்றாளா, வகுப்பில் முதலாவதாக வருகின்றாளா என்பதெல்லாம் அதன் பிறகுதான்.

அம்மாவுக்குச் சொன்னால் என்ன என்று கேட்டேன். அங்கேதான் விடுதியின் விதி குறுக்கே வந்தது. கைத்தொலைபேசிகளை மாலை நான்கு மணிக்குக் கொடுத்து இரவு ஒன்பது மணிக்குத் திருப்பி வாங்கி மேற்றனின் அலுமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். குவைத் நேரம் எமது நேரத்துக்கு இரண்டரை மணித்தியாலம் பின்னால். அந்த அம்மா சமையலறையைத் துடைத்து, எஜமானியின் பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டுத் தொலைபேசியைக் கையில் எடுக்க இரவு பதினொரு மணியாகும். இங்கே அப்போது அதிகாலை ஒன்றரை. இரண்டு வருடங்களாகத் தாயும் மகளும் குரற்பதிவுகளை அனுப்பி அனுப்பித்தான் பேசிக்கொள்கின்றார்கள். விடுமுறைக்கு வீட்டுக்குப் போகும் நாட்களில் மாத்திரம் நேரடிப் பேச்சு.

இது ஒரு பிள்ளையின் கதை மட்டுமல்ல. வியாழக்கிழமை செயலமர்வில் தாய்மார் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளைக் கை உயர்த்தச் சொன்னேன். 38 பேரில் 11 கைகள்.

மேற்றனைப் பார்த்தால் யாருக்கும் பயம் வரும். ஐம்பது வயதைத் தாண்டிய விதவை. இடுப்பில் சாவிக்கொத்து. நான் விடயத்தைச் சொல்லி முடித்ததும், "விதிய மாத்த எனக்கு அதிகாரம் இல்ல" என்றார் வெடுக்கென்று. நான் எழும்பப் போனேன். "இருங்க மிஸ். ராத்திரி ஒன்றரைக்கு அந்தப் புள்ள எழும்பணும்னா நானும் எழும்பணும். தேத்தண்ணி ஊத்தி வைக்கிறேன், நீங்களும் வாங்க."

அப்படியாக வியாழன் இரவு மேற்றனின் அறையில் மூவரும் போர்வையைப் போர்த்திக்கொண்டு அமர்ந்திருந்தோம். வெளியே மழை ஓடு பிய்ந்துவிடுவது போல் பெய்தது. அழைப்பு இரண்டு தடவை அறுந்து மூன்றாம் தடவை கிடைத்தது. தங்கையைப் பற்றிக் கேட்டதும் அந்த அம்மா முதலில் அழுதார். "ஏம் புள்ளைக்கு தண்ணி ஊத்தக்கூட நான் இல்லியே" என்று நெடுநேரம் அழுதார். மகள் மெல்ல, தான் படிப்பை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போகப் போவதைச் சொன்னாள். அந்தப் பக்கம் அழுகை சட்டென்று நின்றது.

"நீ லயத்துல வந்து நின்னா நான் இங்க கெடக்குறதுக்கு என்னாடி அர்த்தம்? யாரு வீட்டுப் புள்ளைக்கோ சோறு ஊட்டிக்கிட்டுக் கெடக்கேன். எல்லாம் நீ டீச்சரா வரணும்னுதானே? ஒங்க அத்தைக்கிட்ட நான் பேசுறேன். அப்பாகிட்டயும் பேசுறேன்."

அத்தை என்பது தகப்பனின் தங்கை, பக்கத்து லயன். அடகு வைத்த ஒரு சோடித் தோட்டினால் வந்த சண்டையில் இரு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லையாம். இதை அந்தப் பிள்ளை எனக்குச் சொல்லவே இல்லை. மேற்றன் எதுவும் பேசாமல் தேத்தண்ணீரை மீண்டும் சூடாக்கினார்.

வெள்ளிக்கிழமை உபபீடாதிபதியைச் சந்தித்தேன். வாளிகள் பற்றிய விடயத்தைக் கேட்டு அவர் உண்மையிலேயே அதிர்ச்சியடைந்தார். யாரும் தன்னிடம் சொல்லவில்லை என்றார். ஓர் ஆணிடம் யார் போய்ச் சொல்வது? மூடியுள்ள வாளிகளும், துணி காயப்போடக் கூரையுள்ள இடமும் ஏற்பாடு செய்வதாகக் கூறினார். தொலைபேசி விடயத்தில் மட்டும் தயங்கினார். ஒருவருக்குக் கொடுத்தால் எல்லோரும் கேட்பார்கள், கட்டுப்பாடு போய்விடும், ஏதாவது நடந்தால் பெற்றோருக்கு யார் பதில் சொல்வது என்று அடுக்கிக்கொண்டு போனார். அவருடைய கவலையும் பொய்யல்ல. ஆனால் இங்கே பெற்றோரே மறுமுனையில் காத்திருக்கின்றார்கள் என்று நான் சொன்னேன். விரிவுரையாளர் கூட்டத்தில் பேசுவதாக முடிந்தது. வாளிகள் அடுத்த மாதமே வந்துவிட்டன என்று மேற்றன் பின்னர் அறிவித்தார். தொலைபேசி பற்றி இதை எழுதும்வரை தகவல் இல்லை.

சனிக்கிழமை அதிகாலை பொறுப்பாளர் என்ற இடத்தில் நான் கையொப்பமிட்டு அந்தப் பிள்ளையுடன் புறப்பட்டேன். இரண்டு பஸ், ஓர் ஓட்டோ, பிறகு தேயிலை மலையூடாக அரை மணி நேர நடை. காலில் ஏறிய அட்டைகளை அவள் நின்று நின்று எனக்குப் பிடுங்கிவிட்டாள். காம்பராவின் ஒரு மூலையில் சேலையால் மறைப்புக் கட்டி, உள்ளே தங்கை இருந்தாள். பக்கத்தில் உலக்கை, கையில் எட்டாம் தர விஞ்ஞானப் புத்தகம். இரண்டு வாரமாகப் பாடசாலை இல்லை. தனியே இருந்து அலுத்துப்போய், பரீட்சைக்கு இல்லாத பாடங்களையும் வாசித்து முடித்துவிட்டதாகச் சொன்னாள்.

தகப்பன் எனக்கு உட்காரப் பலகைக் கட்டையைத் துடைத்துப் போட்டார். "சமைப்பேன் அம்மா, தண்ணி தூக்குவேன், துணி தொவைப்பேன். அந்தப் புள்ளகிட்ட என்னா கேக்குறது, எப்பிடிக் கேக்குறதுன்னுதான் தெரியல" என்றார். மகளைப் பாராமல் கோடிப்பக்கத்தையே பார்த்துக்கொண்டு சொன்னார். வயிறு வலிக்கின்றதா என்று கேட்கலாம், கடையில் பாட் வாங்கிக் கொடுக்கலாம், குடும்பநல உத்தியோகத்தரைக் கூப்பிடலாம் என்று நான் சொல்லச் சொல்ல, படிக்கும் பிள்ளை போலத் தலையாட்டினார். மறைப்புக்குள்ளிருந்து தங்கை சிரிக்கும் சத்தம் கேட்டது.

பத்து மணியளவில் அத்தை வந்தார். வாசலிலேயே நின்றார். குவைத்திலிருந்து வெள்ளி இரவு அழைப்பு வந்திருக்கின்றது. தோட்டை மீட்கும் காசையும் அண்ணி அனுப்புவதாகச் சொல்லியிருக்கின்றார். "தோட்டுக்காக நான் வரல்ல" என்று முதலில் அதைத்தான் சொன்னார். பிறகு உள்ளே வந்து, மறைப்பை விலக்கி, "என்னாடி, இப்பிடி எளச்சுப் போயிட்ட" என்று தங்கையின் தலையைத் தடவினார். மறுநாள் காலையில் தண்ணீர் ஊற்றுவது, இரவில் அத்தை இங்கு வந்து படுப்பது, செவ்வாய்க்கிழமை முதல் பாடசாலைக்குப் போவது என்று பேச்சு முடிந்தது. இரு குடும்பமும் நாளைக்கே மறுபடி முறுகிக்கொள்ளலாம். அதனால் பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரின் இலக்கத்தை அக்காவிடமும் தங்கையிடமும் தனித்தனியே எழுதிக் கொடுத்தேன். நான் அன்று மாலையே திரும்பிவிட்டேன். அக்கா சடங்குக்கு நின்றாள்.

ஞாயிறு மாலை ஐந்தரைக்கே வாயிலுக்குப் போய்விட்டேன். எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. காவலருடன் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டு நின்றேன். ஆறு மணியானது. ஆறேகால். பதிவேட்டை மூடி வைத்துவிட்டுக் காவலர் என்னைப் பார்த்தார். ஆறரைக்குக் கீழே வளைவில் ஒரு குடை தெரிந்தது. பஸ் தலவாக்கலையில் பழுதாகி நின்றுவிட்டதாம். "கடிதம்?" என்று காவலர் கேட்டார். அவளிடம் கடிதம் இல்லை. விடுதிப் பக்கத்திலிருந்து மேற்றன் சேறு தெறிக்க இறங்கி வந்து, பேனையை வாங்கிப் பதிவேட்டில் தன் கையொப்பத்தைப் போட்டார்.

அவளுடைய பையில் வாழையிலையில் சுற்றிய சர்க்கரைப் பொங்கல் இருந்தது. மூவரும் மேற்றனின் அறையில் அதைச் சாப்பிட்டோம். மறுநாள் முதற் பாடவேளையில் அவள் மீண்டும் பாடம் நடத்த வேண்டும். ஆறு குருவிகள் தேவை, நான்குதான் வெட்டியிருக்கின்றாள். கழுத்துக் கயிற்றிலிருந்த சாவியால் அலுமாரியைத் திறந்து காட்போட்டையும் கத்தரிக்கோலையும் எடுத்து வந்தாள். நான் வெட்டிய குருவிக்கு வால் கோணிவிட்டது. "பரவால்ல மிஸ், பின்னால இருக்கிற புள்ளைக்குக் காட்டலாம்" என்றாள்.